காட்டை அளக்கும் மரக்கால்கள்

உலகில் எவ்வளவு காடு இருக்கிறது? ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2020-இல் சொன்ன விடை 406 கோடி ஹெக்டேர். 2025 அக்டோபரில் வந்த அடுத்த மதிப்பீட்டில் அது 414 கோடி ஹெக்டேர். ஐந்தே ஆண்டில் எட்டுக் கோடி ஹெக்டேர் கூடியிருக்கிறது. தமிழ்நாட்டைப் போல ஆறு மாநிலங்கள் அதற்குள் அடங்கும்.

காடு வளர்ந்துவிட்டது என்று மகிழ்வதற்குள் அதே அறிக்கையில் இன்னொரு வரி குறுக்கே வருகிறது. 2015-க்குப் பிறகு ஆண்டுதோறும் போனது போக, வந்தது வர, உலகம் நிகரமாக 41 லட்சம் ஹெக்டேர் காட்டை இழந்துவருகிறது என்கிறது அது. குறைந்துகொண்டே வரும் ஒன்று எப்படிக் கூடியது?

அச்சுப்பிழை எதுவும் இல்லை. ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் நாடுகள் புதிய கணக்கை மட்டும் அனுப்புவதில்லை. புதிய தரவு, புதிய முறை கைக்கு வந்ததும் 1990 வரைக்குமான பழைய கணக்கையும் திருத்தி அனுப்புகின்றன. அதனால் கடந்த காலமும் அறிக்கைக்கு அறிக்கை மாறுகிறது. 1990-களில் ஆண்டுக்கு 1.6 கோடி ஹெக்டேர் காடு அழிந்தது என்றது 2020 அறிக்கை. அதே பத்தாண்டுக்கு 1.76 கோடி ஹெக்டேர் என்கிறது 2025 அறிக்கை. ஓர் அறிக்கைக்குள் இருக்கும் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்துக் கழித்தால் வருவது காட்டின் கணக்கே அல்ல.

ஆனால் எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். 2025 அறிக்கை வந்ததும் காட்டுப் பரப்பில் இந்தியா உலகின் 10-ஆம் இடத்திலிருந்து 9-ஆம் இடத்துக்கு ஏறிவிட்டது என்பது இங்கே தலைப்புச் செய்தியானது. அந்த வரிசையில் நிற்கும் நாடுகள் எதை வைத்துக் காட்டை அளந்தன என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் மரக்கால் வேறு. பத்து மரக்கால் நெல் என்றால் எந்த ஊர் மரக்கால் என்று கேட்காமல் யாரும் விலை பேசியதில்லை. காடுகளைப் பொறுத்தவரை உலகம் இன்னமும் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது.

ஏரிக்கரையில் ஒரு மரம்

ஐரோப்பாவில் கான்ஸ்டன்ஸ் ஏரியைச் சுற்றி ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் கரைகள் இருக்கின்றன. மண்ணும் மழையும் ஏறக்குறைய ஒன்றுதான். பீச், ஸ்புரூஸ் என மரங்களும் அவையேதான். மார்பளவு உயரத்தில் 11 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு மரம் ஜெர்மன் கரையில் நின்றால் தேசிய வனக் கணக்கெடுப்பில் அது மரம். அங்கே கீழ்வரம்பு 7 செ.மீ. ஆஸ்திரியக் கரையிலும் மரம்தான். அங்கே 5 செ.மீ. சுவிஸ் கரையில் கீழ்வரம்பு 12 செ.மீ. என்பதால் அந்த மரத்தின் கன அளவு நாட்டின் மர இருப்பில் சேராது. வடக்கே பின்லாந்துக்குப் போனால் 1.3 மீட்டர் உயரத்தைத் தொட்டுவிட்ட கன்றுக்கே கணக்கில் இடமுண்டு.

விட்டம் ஒன்றோடு முடிவதில்லை. ஒரு மரத்தில் எவ்வளவு கட்டை என்பதையும் நாட்டுக்கு நாடு வேறு விதமாக எண்ணுகிறார்கள். 7 செ.மீ.க்கு மேல் தடித்த கிளைகளையும் ஜெர்மானியர்கள் கணக்கில் சேர்க்கிறார்கள். அடிமரத்தை மட்டும் கணக்கிடும் நாடுகளும் உண்டு. கிளை மெலிந்த ஸ்புரூஸில் இது பெரிய வித்தியாசம் தராது. கையகலக் கிளைகளோடு விரிந்து நிற்கும் பீச் மரத்தில் வித்தியாசம் கணிசமானது. அதனால் ஒரே பெருக்கு எண்ணை வைத்து ஒரு நாட்டுக் கணக்கை மற்றதற்கு மாற்றிவிட முடியாது; மர இனத்துக்கு ஏற்ப மாற்றமும் வேறுபடும்.

மார்பளவு உயரம் என்பதிலேயே ஒற்றுமை இல்லை. ஐரோப்பாவில் தரையிலிருந்து 1.3 மீட்டர். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பழைய நாலரை அடிக் கணக்கு, அதாவது 1.37 மீட்டர். ஜப்பானில் பெரும்பாலும் 1.2 மீட்டர். மேலே போகப் போக மரம் மெலியும். கையகல வித்தியாசம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் கோடிக்கணக்கான மரங்களுக்கு அது ஒரே பக்கமாகச் சாய்கிறது.

அடுத்தது, எது காடு என்ற கேள்வி. ஆஸ்திரியாவில் 500 சதுர மீட்டர் போதும். அதன் மேல் 30 சதவீதம் மரநிழல் விழ வேண்டும். ஜெர்மனியில் 1,000 சதுர மீட்டர். ஐ.நா. அமைப்புக்கு 5,000 சதுர மீட்டர், 5 மீட்டர் உயரம், 10 சதவீத மரநிழல். பின்லாந்தும் ஸ்வீடனும் நெடுங்காலம் இந்த வழியிலேயே யோசிக்கவில்லை. ஒரு ஹெக்டேர் நிலம் ஆண்டுக்கு சராசரியாக ஒரு கன மீட்டர் மரம் தரக்கூடியதா என்பதே அவர்களின் கேள்வி. தராவிட்டால் அது வளம் குன்றிய வன நிலம். மர வியாபாரத்தில் வாழ்ந்த நாடுகள். கேள்வியும் அதற்கேற்பவே இருந்தது.

இதையெல்லாம் அபத்தம் என்று சிரிப்பது எளிது. ஆனால் ஒவ்வோர் அளவுகோலுக்கும் பின்னால் அந்த நாட்டின் தேவை ஒன்று இருந்தது. நார்வே 1919-இல் தேசிய அளவில் வனக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. பின்லாந்து 1921-இலும் ஸ்வீடன் 1923-இலும் தொடர்ந்தன. வெட்டுவது வளர்வதை மிஞ்சிவிடுமோ என்ற அச்சமே அப்போது பெரிதாக இருந்தது. பின்லாந்தில் இர்யோ இல்வெசாலோ தலைமையில் ஆட்கள் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக, 26 கிலோமீட்டருக்கு ஒரு கோடு என்று நாடு முழுவதும் நேர்கோட்டில் நடந்தார்கள். கோடு போகும் இடத்தில் சதுப்பு இருந்தாலும் ஏரி இருந்தாலும் கோடு வளையாது. எல்லா மரத்தையும் எண்ண முடியாது. ஆனால் பாரபட்சமில்லாமல் தேர்ந்த சில இடங்களை நன்றாக அளந்தால் நாட்டையே மதிப்பிடலாம் என்பதை அந்த நடை நிரூபித்தது.

கோடுகள் போய் இன்று கட்டங்கள் வந்துவிட்டன. ஜெர்மனியில் நான்கு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி. சில மாநிலங்களில் இன்னும் நெருக்கம். புள்ளியின் நடுவில் இரும்புக் கம்பி ஒன்றை மண்ணுக்குள் புதைத்துவிடுவார்கள். மேலே எந்த அடையாளமும் இருக்காது. பத்தாண்டு கழித்து வரும் குழு உலோகம் கண்டறியும் கருவியால் தேடி அதே மரங்களைத் திரும்ப அளக்கும். ஏன் இந்த ஒளிவு மறைவு? அளக்கப்படும் இடம் இது என்று தெரிந்தால் காட்டுச் சொந்தக்காரர் அந்த இடத்தைத் தனிக் கவனத்தோடு நடத்துவார். பிறகு அது நாட்டின் மாதிரியாக இருக்காது. அமெரிக்காவில் அளவிடங்களின் சரியான ஆயங்களை வெளியிடச் சட்டமே தடை விதிக்கிறது. வெளியில் தருவது வேண்டுமென்றே சற்று நகர்த்திய ஆயங்கள்தான். ஒப்பீட்டுக்கு உழைப்பவர்களுக்கு இது பெரும் தலைவலி. பக்கத்து நாட்டுத் தரவைத் தன் முறையில் மறுபடி கணக்கிட வேண்டுமானால் மரவாரியான மூலத் தரவு வேண்டும், இடமும் வேண்டும். அதைத்தான் யாரும் எளிதில் கொடுப்பதில்லை.

தென்னந்தோப்பும் ரப்பர் தோட்டமும்

நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி, பரப்பில் மிகுந்த சதவீதம் காடு மூடியிருக்கும் இடம் மிசோரமோ அருணாசலப் பிரதேசமோ அல்ல. லட்சத்தீவு, 91.33 சதவீதம். அங்கே இருப்பவை பெரும்பாலும் தென்னை.

பொய்க்கணக்கு அல்ல, விதியே அப்படித்தான். ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பு, 10 சதவீதத்துக்கு மேல் மரநிழல், அவ்வளவுதான் நிபந்தனை. நிலம் யாருடையது, மரம் காட்டு மரமா தோப்பு மரமா என்று பார்ப்பதில்லை. செயற்கைக்கோள் படத்திலிருந்து அதைப் பிரித்தறிவதும் கடினம். ஐ.நா. அமைப்பின் விதியிலோ தென்னந்தோப்பு காடு அல்ல; மரநிழல் உள்ள பிற நிலம் என்று அதற்குத் தனிப் பத்தி உண்டு. கியோட்டோ ஒப்பந்தத்தின் காடு வளர்ப்புத் திட்டங்களுக்காக இதே இந்தியா தேர்ந்துகொண்ட வரையறையில் 0.05 ஹெக்டேர், 15 சதவீதம், 2 மீட்டர் உயரம். ஒரே நாடு, ஒரே மரம். மேசைக்கு மேசை விடை வேறு.

தென்னையை விலக்கிய ஐ.நா. விதியிலும் விசித்திரங்கள் உண்டு. ரப்பர் தோட்டம் காடு. எண்ணெய்ப் பனைத் தோட்டம் காடு அல்ல. தென்கிழக்கு ஆசியாவில் இயற்கைக் காட்டை வெட்டி எண்ணெய்ப் பனை வைத்தால் அது காடழிப்பு. அதே காட்டை வெட்டி ரப்பர் வைத்தால் காட்டுப் பரப்பில் ஒரு ஹெக்டேர்கூடக் குறையாது. இயற்கைக் காடு என்ற பத்தியிலிருந்து நட்ட காடு என்ற பத்திக்கு எண் நகரும், அவ்வளவே. ஸ்வீடனில் மொட்டையாக வெட்டிய நிலமும் மறுபடி மரம் வளரப்போவதால் காடுதான். மொத்தப் பரப்பை மட்டும் பார்த்துப் பேசுபவர்களிடம் எனக்குள்ள முதல் சண்டை இதுதான். இந்த வரையறைகள் நில உபயோகத்தைச் சொல்கின்றன. அங்கே என்ன உயிர் வாழ்கிறது என்று சொல்வதில்லை.

அளவுகோலை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியா பாடம். 1990-க்கான உலக மதிப்பீடு வரை வளர்ந்த நாடுகளுக்கு 20 சதவீத மரநிழல், வளரும் நாடுகளுக்கு 10 சதவீதம் என்று இரண்டு விதிகள் இருந்தன. 1996-இல் பின்லாந்தின் கோட்கா நகரில் கூடிய வல்லுநர்கள் எல்லாருக்கும் 10 சதவீதம் என்று முடிவு செய்தார்கள். 2000-க்கான மதிப்பீட்டில் ஆஸ்திரேலியாவின் காடு சுமார் 4 கோடி ஹெக்டேரிலிருந்து 15 கோடிக்கு மேல் தாவியது. ஒரு கன்றுகூட நடாமல் கிடைத்த காடு அது.

இந்தியாவிலும் நடந்திருக்கிறது. 1999 அறிக்கையில் 6,37,293 சதுர கிலோமீட்டராக இருந்த காட்டுப் பரப்பு 2001 அறிக்கையில் 6,75,538 ஆனது. கூடிய பரப்பு ஏறத்தாழ கேரளத்தின் அளவு. அதுவரை 25 ஹெக்டேருக்குக் குறைந்த திட்டுகள் வரைபடத்தில் விழவில்லை. அந்த முறை நாடு முழுவதையும் கணினி வழியே 1:50,000 அளவில் வரைந்தார்கள், ஒரு ஹெக்டேர்த் திட்டும் விழுந்தது. 1987-இல் தொடங்கி இன்றுவரை ஒரே கோடாக இழுத்த வரைபடங்களை மேடைகளில் காட்டுகிறார்கள். அந்தக் கோட்டின் பாதி உயரம் கண்ணாடி மாற்றியதால் வந்தது.

வானத்திலிருந்து பார்த்தால் தீர்ந்துவிடாதா?

இவ்வளவு கேட்டதும் யாருக்கும் தோன்றும் யோசனை: நாடுகளின் கணக்கே வேண்டாம், உலகம் முழுதையும் ஒரே செயற்கைக்கோள் ஒரே முறையில் படம்பிடித்துச் சொல்லட்டும். 2020 ஜூலையில் அந்த யோசனைக்கு ஒரு சோதனை வந்தது.

ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களிலிருந்து உருவான உலக வன வரைபடத்தை வைத்து, 2011–2015 காலத்தோடு ஒப்பிட்டால் 2016–2018-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வெட்டப்படும் காட்டின் பரப்பு 49 சதவீதம் கூடிவிட்டது, இழந்த உயிர்த்திரள் 69 சதவீதம் கூடிவிட்டது என்றார்கள். கூடுதலில் பெரும்பங்கு ஸ்வீடன், பின்லாந்து தலையில் விழுந்தது. ஒன்றியம் புதிய வனக் கொள்கையை எழுதிக்கொண்டிருந்த நேரம். சூழலியலாளர்கள் கொதித்தார்கள், ஸ்வீடனும் பின்லாந்தும் எங்கள் நாட்டில் அப்படியொன்றும் நடக்கவில்லை என்று மறுத்தன. நாடுகளின் கணக்கில் சுயநலம் இருக்கலாம், செயற்கைக்கோளுக்கு ஏது சுயநலம் என்ற வாதம் அப்போது எடுபட்டது.

2021-இல் அதே இதழில் மறுப்புகள் வந்தன, அவற்றுக்குப் பதிலும் வந்தது. 2022-இல் வடக்கு நாடுகளின் ஆய்வாளர்கள் வேறு விதமாக இறங்கினார்கள். தரையில் அளந்த 1,20,000-க்கும் மேற்பட்ட இடங்களை எடுத்து, எங்கே எந்த ஆண்டு மரம் வெட்டப்பட்டது என்ற களப் பதிவை செயற்கைக்கோள் வரைபடத்தோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். திடீரென்று கூடியிருந்தது வெட்டு அல்ல, வெட்டைக் கண்டுபிடிக்கும் திறன். 2013-இல் ஏவிய லேண்ட்சாட் 8-இன் படங்கள் மேலானவை. வரைபடத்தின் கணக்கீட்டு முறையும் இடையில் மேம்படுத்தப்பட்டிருந்தது. முன்பு கண்ணுக்குத் தப்பிய வெட்டுகள் 2015-க்குப் பிறகு பட்டன. 2001-இல் இந்தியாவில் நடந்ததும் இதுவும் ஒன்றுதான்.

பின்லாந்தில் வெட்டு கூடவே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல, ஓரளவு கூடியதுதான். ஆனால் ஒரே கருவி, ஒரே முறை என்று நம்பியதே காலப்போக்கில் தன்னோடு தான் ஒத்துப்போகவில்லை. தகராறைத் தீர்த்தது மண்ணுக்குள் புதைந்த கம்பிகளைச் சுற்றி ஆட்கள் நடந்து எடுத்த கணக்கு. செயற்கைக்கோள் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தரைக் கணக்கு இல்லாமல் அதன் தவறு எவ்வளவு என்பதை அறிய வழியில்லை, அவ்வளவுதான்.

கூட்டுவதும் கழிப்பதும்

அப்படியானால் எல்லா நாடுகளும் நாளை முதல் ஒரே அளவுகோலுக்கு மாறிவிட்டால் என்ன? மாறலாம். மாறிய நாளில் பின்லாந்தின் நூறாண்டுத் தொடர் அறுந்துவிடும். பத்து ஆண்டில் காடு எப்படி மாறியது என்பதுதான் ஒரு நாட்டுக்கு முதலில் தெரிய வேண்டியது. பக்கத்து நாட்டோடு ஒப்பீடு அதற்கு அடுத்தது. 2000-இல் மைக்கேல் கோல் உள்ளிட்ட மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையொன்று, பல நாட்டுப் புள்ளிவிவரங்களை இணக்கமாக்குவது ஆகாத காரியமா என்று தலைப்பிலேயே கேட்டது.

ஆகும் என்று காட்ட முயன்றவர்கள் ஐரோப்பாவின் கணக்கெடுப்பாளர்களே. 2003-இல் தங்களுக்குள் ஒரு வலையமைப்பை உருவாக்கிக்கொண்டார்கள். 2004 முதல் 2008 வரை, பின்லாந்தின் எர்க்கி டோம்ப்போ தலைமையில் ‘காஸ்ட் இ43’ என்ற கூட்டுத் திட்டம் நடந்தது. அதன் விளைவாக 2010-இல் வந்த தடித்த புத்தகத்தில் 37 நாடுகள் தாங்கள் அளக்கும் முறையை ஒளிக்காமல் எழுதின. இந்தத் துறையில் இதைவிடப் பயனுள்ள நூல் எனக்குத் தெரியவில்லை. படிப்பதற்கு இதைவிடச் சலிப்பூட்டுவதும் தெரியவில்லை.

அவர்கள் எடுத்த வழி இது. எந்த நாடும் தன் முறையை விட வேண்டாம். எல்லாருக்கும் பொதுவாக ஓர் ஒப்பீட்டு வரையறை எழுதப்படும். ஒவ்வொரு நாடும் தன் எண்ணிலிருந்து அந்தப் பொது எண்ணுக்குப் போக ஒரு பாலம் கட்டும். மர இருப்புக்கு ஐ.நா. மதிப்பீடு கேட்பது 10 செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட மரங்களை. பின்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் விட்டத்தைப் பொறுத்தவரை இது சுலபம்: அளந்து வைத்திருக்கும் சின்ன மரங்களைக் கழித்தால் போதும். சுவிட்சர்லாந்துக்கு 10-க்கும் 12-க்கும் இடைப்பட்டவற்றைக் கூட்ட வேண்டும். அங்கே இளமரங்களுக்கென்று தனியே எடுக்கும் கணக்கு இருப்பதால் அதை வைத்து மதிப்பிடலாம். அப்படியும் ஏதும் இல்லாத நாடு, பக்கத்து நாட்டின் மரங்களைக் கொண்டு கட்டிய சூத்திரத்தை நம்ப வேண்டியதுதான்.

அளந்தவற்றைக் கழிப்பது கணக்கு. அளக்காதவற்றைக் கூட்டுவது ஊகம், எவ்வளவு நேர்த்தியான சூத்திரமாக இருந்தாலும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் புதிதாகக் கணக்கெடுப்பு தொடங்கும் நாடுகளுக்குச் சொல்வது, கீழ்வரம்பைத் தாழ்த்தி வையுங்கள், மரநிழலையும் உயரத்தையும் காடு, காடல்லாதது என்று தீர்ப்பெழுதாமல் எண்ணாகவே பதிந்து வையுங்கள் என்பது. அளவிடத்தில் மரநிழல் 17 சதவீதம் என்று எழுதியிருந்தால் நாளை எந்த வரையறைக்கும் அதைப் பயன்படுத்தலாம். ‘காடு அல்ல’ என்று மட்டும் எழுதிவிட்டு வந்தால் திரும்பப் போய்த்தான் அளக்க வேண்டும்.

பட்ட மரங்களின் கணக்கு இன்னும் சிக்கல். மரங்கொத்திக்கும் வண்டுக்கும் பூஞ்சைக்கும் வீடு அவை. பல்லுயிர் வளத்துக்கு முக்கியமான குறியீடு. ஆனால் எவ்வளவு தடிமனுக்கு மேல் கணக்கிடுவது, நிற்பதை மட்டுமா, விழுந்து கிடப்பதையுமா, பாதி மக்கியதை என்ன செய்வது என்பதில் நாடுகளுக்குள் பெரிய இடைவெளி. மரத்தை விற்பதற்காகப் பிறந்த கணக்கெடுப்புகள் என்பதால் விற்க முடியாத மரம் நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை.

எண்ணுக்குப் பின்னால் பணம்

இதெல்லாம் வல்லுநர்களின் பொழுதுபோக்காக இருந்தவரை யாரும் கவலைப்படவில்லை. இப்போது எண்ணில் கடமை ஏறிவிட்டது. 2030-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலமும் காடும் சேர்ந்து நிகரமாக 31 கோடி டன் கரியமில வாயுவை உறிஞ்ச வேண்டும் என்று 2023-இல் திருத்திய சட்டம் சொல்கிறது. நாடுவாரியாகப் பங்கும் பிரித்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் மூலமான 2018 ஒழுங்குமுறையின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை இருக்கிறது. எந்த நாட்டுக்கு எது காடு என்பது அதில் வரிசையாக வரும். ஆஸ்திரியாவுக்கு 0.05 ஹெக்டேர், 30 சதவீத மரநிழல், 2 மீட்டர் உயரம். ஸ்பெயினுக்கு 1 ஹெக்டேர், 20 சதவீதம், 3 மீட்டர். பரப்பில் மட்டும் இருபது மடங்கு வித்தியாசம். இலக்கு பொது, காடு அவரவர் காடு.

2023 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் வனக் கண்காணிப்புச் சட்டம் ஒன்றை முன்மொழிந்தது. செயற்கைக்கோள் தரவையும் தரைக் கணக்கையும் இணைத்து ஒன்றியம் முழுதும் ஒப்பிடத்தக்க எண்கள் கிடைக்கச் செய்வது நோக்கம். எதிர்ப்பு எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. ஒன்றியத்தின் ஒப்பந்தங்களில் பொது வனக் கொள்கை என்ற ஒன்றே கிடையாது, காடு உறுப்பு நாடுகளின் விஷயம் என்றன சில நாடுகள். இன்னொரு படிவம், இன்னொரு செலவு என்றார்கள் காட்டுச் சொந்தக்காரர்கள். தங்கள் அளவிடங்கள் எங்கே இருக்கின்றன என்பது வெளிப்பட்டுவிடுமோ என்று கணக்கெடுப்பாளர்களுக்கும் தயக்கம். அது நியாயமான தயக்கம். 2025 அக்டோபரில், 414 கோடி ஹெக்டேர் என்ற எண் வெளியான அதே மாதத்தில், ஐரோப்பிய நாடாளுமன்றம் அந்த முன்மொழிவை நிராகரித்தது.

செலவைக் காரணம் காட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரும்பாலான உறுப்பு நாடுகளில் ஆட்கள் ஏற்கெனவே காட்டுக்குள் போய் அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கேட்டது அந்த அளவீடுகளைப் பொது வரையறைக்கு மாற்றித் தரும்படி. இறையாண்மை என்பது மெய்யான காரணம். ஒரு நாட்டின் காட்டுக் கணக்கை இன்னொருவர் சரிபார்க்க முடியும் என்பதை யாரும் விரும்புவதில்லை. இந்தியாவும் விதிவிலக்கல்ல.

இப்போதைக்கு 2030-க்கான அந்த 31 கோடி டன்னை ஒவ்வொரு நாடும் தன் வரையறையில், தன் கீழ்வரம்பில் கணக்கிட்டுத் தரும். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட வேண்டிய வேலை, சட்டத்தின் கட்டாயம் எதுவும் இல்லாமல், 2003-இல் தாங்களாகவே கூடிய அந்தக் கணக்கெடுப்பாளர்களிடமே திரும்பியிருக்கிறது.